சுகிர்தா பெயரில் ஒரு நாரை

வாருங்கள் தம்பி, உட்காருங்கள். என் வீட்டுக்காரி சுகிர்தாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எப்சிபா சிஸ்டர் போனில் சொன்னார்கள். "செல்வின்னு ஒருத்தர் வருவார், அவர் வீட்டம்மா பிரைசியும் நர்சு, ஜப்பானுக்குப் போகப் பாக்காங்க, எந்த ஆப் வச்சுப் படிக்கணும்னு உங்ககிட்ட கேக்கணுமாம்" என்றார்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் இந்த விஷயத்தை என்னைப் போல் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. சத்தம் போடும், ஒன்றும் நினைக்காதீர்கள். ஏப்ரலில் சுகிர்தா ஜப்பானிலிருந்து வந்ததும் இந்த முன்னறையில் நர்சுகளுக்கு ஜப்பானிய வகுப்பு தொடங்கப்போகிறோம். அவள் பாடம் நடத்துவாள், ஆப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்வேன். அவளுடைய ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. போன தடவை பேசும்போது கேட்டேன். "அப்புறம் சொல்லுதேன் அத்தான்" என்றாள். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லியிருப்பாள் அல்லவா? அப்புறம் சொல்கிறேன் என்றால் வருகிறாள் என்றுதான் அர்த்தம்.

காப்பி குடிப்பீர்களா? பால் இல்லை. கடுங்காப்பிதான். சரி, வேண்டாம் என்றால் விடுங்கள்.

ஆப்புக்கு வருகிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானிய மொழிக்கு ஆப் ஆயிரம் இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். பூனை, நாய், ஆப்பிள், தண்ணீர். முதல் வாரத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அதற்குப் பிறகுதான் ஆப்பின் குணம் தெரியும். கல்யாணம் மாதிரி என்று எப்சிபா சிஸ்டர் சொல்வார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது நாரை ஆப். நாரை படம் போட்டிருக்கும். தினமும் ஒரு பாடம் படித்தால் நாரை பறக்கும். ஒரு நாள் விட்டால் சிறகை மடக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றுவிடும். தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அந்த நாரை நிற்பதைப் பார்க்க முடியாது தம்பி. என்னால் முடியவில்லை.

அப்போது எனக்கு வேலை இல்லை. பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். முதலாளி தூத்துக்குடிக்குப் போய்விட்டார், இங்கே இருந்ததை மூடிவிட்டார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். சுகிர்தாவுக்கு ஆஸ்பத்திரியில் மாறிமாறி டூட்டி. ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள நர்சுகளை எடுக்கிறார்கள் என்று அவள்தான் கேள்விப்பட்டு வந்தாள். மொழித் தேர்வு பாஸ் பண்ணினால் போதும், மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்த வேலைதான். "போகட்டுமா அத்தான்?" என்று கேட்டாள். போ என்றேன். கூட நானும் படிக்க உதவுகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

நைட் டூட்டி முடிந்து வந்தால் யூனிபாரத்தோடேயே படுத்துவிடுவாள். செருப்பைக்கூட ஒரு காலில்தான் கழற்றியிருப்பாள். தலைமாட்டில் போன் மணி அடிக்கும். நாரை கூப்பிடுகிறது. அவளை எழுப்ப மனம் வராது. நான் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அன்றைய பாடத்தை முடித்துவிடுவேன். நாரை பறந்துவிடும். பிள்ளை தூங்கிவிட்டால் வீட்டுப்பாடத்தை நாம் எழுதி வைப்பதில்லையா? அந்த மாதிரிதான்.

முதலில் நைட் டூட்டி நாளில் மட்டும். பிறகு பகல் டூட்டி நாளிலும். அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். நான்தான் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எதற்கு போன்? இங்கே இருந்தால் பாடமாவது நடக்கும். அவசரம் என்றால் எப்சிபா சிஸ்டர் போனில் பேசிக்கொள்ளலாம்.

நாரை ஆப்பில் ஒரு நல்ல விஷயம், போட்டி உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருந்து படிக்கிறவர்களோடு நம் பெயரும் வரிசையில் வரும். சுகிர்தா பெயர் மேலே மேலே போயிற்று. பிரேசிலில் ஒருத்தி இருந்தாள், எப்போதும் எங்களுக்கு ஒரு படி மேலே. அவளை நான் தாண்டின அன்றைக்குச் சுகிர்தா வேலையிலிருந்து வந்தாள். "சுகி, பிரேசில்காரியை முந்திட்டே" என்றேன். "நானா?" என்றாள். "உன் பேர்தான போட்டிருக்கு" என்றேன். "ஓஹோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒரு லீவு நாளில் அவளே உட்கார்ந்து படிக்கிறேன் என்றாள். நான் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். திறந்தால் பெரிய பத்தி ஒன்று வருகிறது. ரயில் நிலையத்தில் குடையை மறந்துவிட்ட ஒருவரின் கதை. எனக்குத் தெரிந்த கதைதான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எனக்கு ஒண்ணுமே புரியலியே."

"நேத்து படிச்சதுதான."

"நான் படிக்கல அத்தான்."

"கிரீடம் குடுத்திருக்கான் பாரு. இந்தா, இந்தப் பாடத்துக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. படிக்காமலா குடுப்பான்?"

அவள் அந்தக் கிரீடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்கு மண்டையில ஏற மாட்டேங்கு போல" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. டூட்டிக் களைப்பில் மறந்திருக்கும், பரவாயில்லை, போகப்போக வரும் என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்டாள். அதெப்படி? முதலிலிருந்து தொடங்கினால் வரிசையில் கீழே போய்விடுவோம். பிரேசில்காரி சிரிப்பாள்.

சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினாள். கம்ப்யூட்டரில்தான் தேர்வு. எழுதி முடித்ததுமே திரையில் தெரிந்துவிடும். நான் வெளியே நின்றேன். வந்தாள். பாஸ் இல்லை என்று தலையை ஆட்டினாள். எழும்பூருக்கு வந்து ரயில் ஏறினோம். ரயிலில் நான் சொன்னேன், தப்பு உன் மேல் இல்லை சுகி, தப்பு ஆப் மேல். நாரை விளையாட்டுக் காட்டுகிறது, மனசில் பதிய வைப்பதில்லை. வேறு ஆப் பார்ப்போம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பாருங்க" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மிஸஸுக்கு நாரை வேண்டாம். பொழுதுபோக்குக்குச் சரி. தேர்வுக்கு உதவாது. எங்கள் அனுபவம்.

இரண்டாவது, சீட்டு ஆப். படம் கிடம் ஒன்றும் இருக்காது. ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து, தட்டினால் மறுபக்கம் பொருள். தெரியும் என்று அழுத்தினால் அந்தச் சீட்டு பல நாள் கழித்துத்தான் திரும்ப வரும். தெரியாது என்று அழுத்தினால் சீக்கிரமே வரும். ஆளுக்கு எது தெரியாதோ அதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டும். நல்ல யோசனை. யோசித்தவன் மூளைக்காரன். நான் காலையில் காய்கறி வாங்கி வந்ததும் உட்கார்ந்து ஒரு கட்டு சீட்டை முடித்துவிடுவேன். மளமளவென்று தெரியும், தெரியும், தெரியும். சுகிர்தா சாயங்காலம் வந்து திறந்தால் கஷ்டமான சீட்டு மட்டும்தான் வரும்.

"லேசானதெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் முடிஞ்சிட்டு" என்றேன்.

அவள் பொதுவாகவே அதிகம் பேசாத ஆள். அந்தச் சமயத்தில் பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. படிப்பில் கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டு ஆப்பில் குறை, பேச்சு கிடையாது. தேர்வில் காதால் கேட்டுப் பதில் எழுதுகிற பகுதி உண்டு. அதனால் மூன்றாவது ஆப்புக்குப் போனோம். அதுதான் பேச்சு ஆப். உங்களுக்கு நான் சொல்லப்போவதும் அதுதான். அது ஒரு வாக்கியம் சொல்லும், நாம் திரும்பச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சுகிர்தா பெயரில் இருக்கிறதே, ஆண் குரல் என்றால் ஒத்துக்கொள்ளுமோ என்று எனக்கு முதலில் சந்தேகம். கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சாதாரணமாகச் சொன்னேன். இரண்டுக்கும் பச்சைதான். ஆப்புக்கு ஆண் பெண் பேதம் இல்லை.

இதற்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும். மிக்சி ஓடக்கூடாது. டிவி கூடாது. சுகிர்தாவுக்கு அப்போது ஒரு பழக்கம் வந்திருந்தது, துணி மடிக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். மைக் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிவப்பு போடும். "சுகி, கொஞ்சம் சத்தமில்லாம இரு, பாடம் போயிட்டிருக்கு" என்பேன். உடனே நிறுத்திவிடுவாள். அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் இருப்பாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வீணாகப் போகிறது என்று ஒரு தடவை கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மைக் பிடிக்கும் அல்லவா?

டூட்டி முடிந்து வருவதும் தாமதமாயிற்று. எப்சிபா சிஸ்டரோடு வார்டில் வேலை என்பாள். ஒரு நாள் நான் குடை கொண்டு போனேன். மழை. வார்டுக்குப் பின்னால் துணி வைக்கிற அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் கட்டிலில் கிடக்கிற நோயாளி மாதிரி காலை நீட்டிக்கொண்டு, "ஐயோ, அம்மா, தண்ணி" என்கிறார்கள். இவள் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே தலையணையைச் சரிசெய்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிஸ்டர், "ஏட்டி, இந்தக் கிழவிக்கு நீ குடுத்தது மருந்தா, மிளகாத்தண்ணியா?" என்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்கள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு விளையாட்டு. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். வீட்டில் பாடம் நான் பார்த்துக்கொள்கிறேனே.

இரண்டாம் தடவை தேர்வு எழுதினாள். பாஸ்.

பார்த்தீர்களா? பேச்சு ஆப். நான் அன்றைக்கே அந்த ஆப்புக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டு, சுகிர்தா பெயரில் நாலு வரி பாராட்டும் எழுதினேன். அவளிடம் வாசித்துக் காட்டினேன். "இந்த ஆப் இல்லாவிட்டால் நான் இல்லை" என்று முடித்திருந்தேன். "நல்லாருக்கு" என்றாள். புறப்படுகிற அன்றைக்குப் புது போன் வாங்கிக்கொண்டாள். பழையது இதோ, என்னிடம்தான் இருக்கிறது. ஆப் எல்லாம் இதில்தானே இருக்கிறது. அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இன்றைக்கும் மூன்றையும் விடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறேன். நாரைகூட. பயன் இல்லை என்று தெரியும். ஆனாலும் அவள் பெயர் கீழே இறங்க வேண்டாமே. பிரேசில்காரி போய்விட்டாள். வேறு யாரோ துருக்கிக்காரன் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். நான் ஜப்பானிய மொழியில்தான் பேசுவேன். அவளுக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது அல்லவா? அவள் தமிழில் பதில் சொல்வாள். ஏன் என்று தெரியவில்லை. அங்கே ஒகயாமா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஒரு நாள் போன் செய்தாள், ஞாயிறுகூட இல்லை. அவள் கவனித்துக்கொண்ட ஒரு பாட்டி செத்துப்போய்விட்டார்களாம். காலையில் சோறு ஊட்டும்போதுகூடச் சிரித்தார்களாம். அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே யோசித்தேன். துக்கம் கேட்கிற வாக்கியம் நாரையில் இல்லை. சீட்டிலும் இல்லை. பேச்சு ஆப்பில் இருக்கிறது, ஆனால் அது இன்னும் திறக்காத பகுதியில். அதையே அவளிடம் சொன்னேன்.

"அத்தான், தமிழ்ல ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

"என்ன சொல்ல?"

"எதாச்சும். சாப்பிட்டியான்னாவது கேளுங்க."

சாப்பிட்டியா என்பது ஜப்பானிய மொழியில் எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டேன். தெளிவாகத்தான் கேட்டேன். ஆப் என்றால் பச்சை போட்டிருக்கும். "வைக்கேன்" என்றாள். அதிலிருந்து சில ஞாயிறு எடுக்கிறாள், சில ஞாயிறு எடுப்பதில்லை. அங்கே வேலை அதிகம்.

யாரோ படியேறி வருகிறார்களே. உங்கள் மிஸஸா? கீழேயே நிறுத்தி வைத்திருந்தீர்களா? ஸ்கூட்டருக்குக் காவலா? நல்லது, நல்லது. வாருங்கம்மா, உட்காருங்கள். இவரிடம் எல்லாம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம், நாங்கள் முடிவு பண்ணிவிடுகிறோம்.

என்னம்மா கேட்டீர்கள்?

இல்லை, இல்லை, பேச்சு ஆப்தான். அதில்தான் பாஸ் பண்ணினாள்.

ஆமாம். ஆப்பில் நான் பயிற்சி பண்ணினேன். அவள்?

அவள் எப்படிப் படித்தாள் என்றா கேட்கிறீர்கள்?

அதை நான் கேட்கவில்லையேம்மா.

கேட்டால் போயிற்று. இன்றைக்கு ஞாயிறுதானே. அங்கே சாப்பாடு முடிந்திருக்கும். இருங்கள், போடுகிறேன். எடுக்காவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள். அடிக்கிறது. அடிக்கிறது. எடுத்துவிட்டாள். சுகி, நான்தான். இல்லை, இல்லை, பாடம் இல்லை. இங்கே ஒரு சிஸ்டர் வந்திருக்காங்க. பிரைசின்னு. உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். இந்தாங்கம்மா, பேசுங்கள். உள்ளே சிக்னல் விட்டுவிட்டு வரும், பால்கனிக்குப் போங்கள். உங்கள் பையும் போனும் இங்கேயே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

இருக்கட்டும் தம்பி. அவர்கள் பேசட்டும். நாம் நம் விஷயத்தைப் பார்ப்போம்.

சிரிக்கிறாள் பார்த்தீர்களா? சுகிர்தாதான். போனுக்கு வெளியே கேட்கிறது. இது அவள் சிரிப்புத்தான். என்ன சொல்லிச் சிரிக்கிறாளோ. உங்கள் மிஸஸும் சிரிக்கிறார்கள். துணி அறை என்கிறார்கள், தலையணை என்கிறார்கள். எனக்குப் பாதிதான் கேட்கிறது.

பேச்சு ஆப்பில் முதலில் செய்ய வேண்டியது, மைக்குக்கு அனுமதி கொடுப்பது. பலர் அதை மறந்துவிடுவார்கள்.

என்ன கேட்கிறார்கள்? "அப்ப ஏப்ரல்ல வரலியா சிஸ்டர்?" என்றா கேட்டார்கள்? எனக்கும் அப்படித்தான் கேட்டது. "புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சா?" என்கிறார்கள். "பெரிய பரீட்சை எழுதினா அங்கயே இருக்கலாமா? குடும்பத்தையும் கூப்பிடலாமாமே?"

திரும்பிப் பார்க்கிறார்கள். நம்மைத்தான்.

குரலைத் தாழ்த்திவிட்டார்கள். கதவு காற்றில் சாத்திக்கொண்டதோ? இல்லை, அவர்கள்தான் சாத்தினார்கள். சாத்தட்டும். தெருச் சத்தம் உள்ளே வரும்.

நீங்கள் ஏன் தம்பி எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் சொல்கிறேன் என்றுதானே சொன்னாள். அப்புறம் சொல்லுவாள்.

உங்கள் மிஸஸ் போன் மேசையில்தானே இருக்கிறது? எடுத்துக் கொடுங்கள், அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஆப்பை இறக்கிவிடலாம். இது பூட்டியிருக்கிறது. நம்பர் என்ன?

தெரியாதா? உங்களுக்கே சொல்லவில்லையா?

ஆச்சரியமாக இருக்கிறது. சுகிர்தாவின் போன் நம்பர்ப் பூட்டு எனக்குத் தெரியும். நான்தான் போட்டேன்.